பன்றி நாடாப்புழுவும் வலிப்பு நோயும்: சங்கத்தார் செய்யவேண்டுவன

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வட்டி, பங்குத்தொகை ஆகிய இவற்றைப் பற்றிப் பேசுவதே என் உத்தியோகத்துக்கு உரியது. அங்ஙனமிருக்க, புழுவைப் பற்றியும் வலிப்பைப் பற்றியும் பேச இவன் எழுந்தது எதனால் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் வைத்தியனல்லேன். வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஐயமறக் கண்டு வெளியிட்டவற்றை எளிய முறையில் எடுத்துரைப்பதும், அவற்றில் சங்கத்தின் கைக்கு எட்டும் வேலை எது என்று சுட்டுவதுமே என் நோக்கம்.

தவணை தவறிய கடன்களுக்குக் காரணம் விசாரிக்கும்போது, மழையின்மைக்கும் கல்யாணச் செலவுக்கும் அடுத்தபடியாக எங்கள் காதில் விழுவது வியாதி என்ற சொல்லே. காய்ச்சல் சில நாளில் தணியும். ஆள் அறுவடைக்கு எழுந்துவிடுவான். வலிப்பு அத்தகையதன்று. நேற்றுவரை ஏர் பிடித்த திடகாத்திரமான ஆள் இன்று வரப்பில் விழுந்து துடிக்கிறான். அன்று முதல் அவனைக் கிணற்றண்டை விட அஞ்சுகிறார்கள். மரம் ஏற விடுவதில்லை. வண்டியை அவனிடம் ஒப்படைப்பதில்லை. பெண்ணாயின் கல்யாணப் பேச்சே நின்றுவிடுகிறது. பேய் என்றும் தெய்வ குற்றம் என்றும் சொல்லி மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணம், பயிர்க்கடன் என்று சங்கத்தில் வாங்கிய பணமாகவே இருத்தலும் உண்டு. வீட்டார் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. தாமதத்தால் குடும்பம் கடனில் ஆழ்கிறது.

இவ்வலிப்புகளில் ஒரு பெரும் பகுதி, வராமலே தடுக்கக்கூடிய ஒரு புழுவினால் விளைவது. அதன் பெயர் பன்றி நாடாப்புழு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் வேலூர் ஜில்லாவில் ஏறத்தாழ 50,000 ஜனங்களிடையே விசாரணை நடத்தி 2006-ஆம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1,000 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் வலிப்பால் வருந்தினர். அவர்களுள் சுமார் மூன்றிலொரு பங்கினருக்கு இப்புழுவின் குமிழே காரணமாயிருந்தது. இந்நோய் வேரூன்றிய தேசங்களில் வலிப்பு நோயாளருள் 100-க்கு 30 பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உணவின் வழியாகப் பரவும் வியாதிகளால் நேரும் மரணங்களுக்கு இப்புழு ஒரு தலையாய காரணம் என்று அந்த ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2015-இல் தெரிவித்தது.

இது நம் நாட்டுக்குப் புதிதாக வந்த நோயுமன்று. 1888-ஆம் வருஷத்திலேயே, சென்னையில் வலிப்புக் கண்டு இறந்த ஒரு கூலியாளிடம் இந்நோய் காணப்பட்டதை ஒரு வைத்தியர் எழுதிவைத்தார். 1930-களில், இந்தியாவில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சில வருஷங்கள் கழித்து வலிப்புக் காண்பதன் காரணத்தை இராணுவ வைத்தியர் மக்ஆர்தர் ஆராய்ந்து, அவர்கள் மூளையில் இக்குமிழ்கள் இருப்பதை வெளிப்படுத்தினார். பிற்காலத்தில் 'ஸ்கான்' என்னும் தலைப்படம் எடுக்கும் முறை வந்தபோது, நம் நாட்டு வலிப்பு நோயாளர் பலரின் மூளையில் சிறு கட்டி ஒன்று தோன்றக் கண்டு, அது க்ஷயரோகக் கட்டி என்று பலகாலம் எண்ணியிருந்தனர். அவற்றுட் பெரும்பாலானவை சாகுந்தறுவாயிலிருக்கும் நாடாப்புழுக் குமிழ்களே என்று 1980-களின் இறுதியில் நிலைநாட்டியவர்கள் மேற்சொன்ன வேலூர் வைத்தியர்களே.

புழுவின் இரண்டு வழிகள்

இந்நோயைத் தடுக்க விரும்புவோர் முதலில் மனத்திற் பதிக்கவேண்டுவது, இப்புழு மனிதனிடம் இரண்டு வழிகளில் வருகிறது என்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதே தடுப்பு முறைகள் பலவும் பயனற்றுப் போவதற்குக் காரணம்.

வளர்ந்த நாடாப்புழு மனிதன் குடலில் வாழ்வது. நாடாவைப் போல் தட்டையாய், வெண்மையாய், 2 முதல் 4 மீட்டர் வரையிலும் சில சமயம் அதற்கு மேலும் நீளுவது. அதன் உடல் கணுக்கணுவாக அமைந்தது. முற்றிய கணுக்கள் கழன்று மலத்தோடு வெளியேறும். அத்தகைய கணு ஒன்றில் 50,000 வரை முட்டைகள் இருக்கலாம். முட்டைகள் வெறுங்கண்ணுக்குத் தோன்றா. புழுவை வயிற்றில் வைத்திருப்பவனுக்குப் பெரும்பாலும் யாதொரு துன்பமும் தெரிவதில்லை. பசியும் உறக்கமும் வேலையும் முன்போலவே நடக்கும். ஆதலின் அவன் வைத்தியரை நாடுவதில்லை. தன்னை அறியாமலே நெடுநாள் முட்டைகளைப் பரப்பிக்கொண்டிருப்பான்.

திறந்த வெளியிற் கழித்த மலத்தை ஊர்ப் பன்றி தின்கிறது. முட்டைகளினின்று வெளிப்படும் கருக்கள் பன்றியின் குடலைத் துளைத்து, இரத்தத்தோடு கலந்து தசைகளை அடைந்து, அங்கே அரிசிமணி முதல் பட்டாணி வரையிலுள்ள அளவில், நீர் நிறைந்த வெண்குமிழ்களாகத் தங்குகின்றன. அவ்விறைச்சியை மனிதன் நன்கு வேகாத நிலையில் உண்டால், குமிழினுள்ளிருக்கும் புழுத்தலை அவன் குடலைப் பற்றிக்கொண்டு, சுமார் இரண்டு மாதத்தில் நாடாப்புழுவாக வளர்ந்துவிடுகிறது. இது முதல் வழி. இதனால் உண்டவனுக்கு நேரும் துன்பம் சிறிதே.

இரண்டாவது வழியே கொடியது. பன்றியின் வயிற்றுக்குப் போகவேண்டிய முட்டை மனிதன் வயிற்றுக்குப் போய்விட்டால், பன்றியின் உடலில் நடந்ததே அவன் உடலிலும் நடக்கிறது. குமிழ்கள் அவன் தசையிலும் தோலின் அடியிலும் கண்ணிலும் மூளையிலும் தங்குகின்றன. மூளையிலுள்ள குமிழ் பல வருஷம் அசைவின்றிக் கிடக்கலாம். அது சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீக்கம் உண்டாகி வலிப்புத் தோன்றுகிறது. சிலருக்கு ஓயாத தலைவலியும் பார்வைக் குறைவும் வருவதுண்டு. சிலருக்கு உயிருக்கே இறுதி நேர்வதுண்டு.

ஆகவே, பன்றியிறைச்சி உண்பதால் நேரே வருவது வயிற்றுப் புழு. மூளைக் குமிழோ, மனித மலத்தினின்று வெளிப்பட்ட முட்டை, கையின் மூலமாகவோ காய்கறி, தண்ணீர் மூலமாகவோ வாய்க்குள் போவதால் வருவது. குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணிற் சில வாரம் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றவல்லது. நாடாப்புழுவின் முட்டையோ வெளிப்பட்ட அக்கணமே தொற்றவல்லது. ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிர்தாங்கவும் வல்லது. வயிற்றிற் புழு உள்ள ஒருவர் கைகழுவாமற் பிசைந்த மாவும், பரிமாறிய சோறும், அரிந்த வெள்ளரிக்காயும் அவ்வீட்டாருக்கு நோயைத் தந்துவிடும். புழு உடையவனுக்கே தன் கையால் தன் மூளைக்குக் குமிழை அனுப்பிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

புலால் உண்ணாதாருக்கு வருவதெப்படி

"நாங்கள் புலால் தொடாதவர்கள், எங்களுக்கு இதனால் என்ன?" என்று கேட்பாருண்டு. அவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பன்றியிறைச்சியை மதக்கட்டளையால் அறவே விலக்கி வாழும் யூதர்களுள் நால்வருக்கு வலிப்புக் கண்டது. பரிசோதித்தபோது அவர்கள் மூளையில் பன்றி நாடாப்புழுக் குமிழ்கள் இருந்தன. வைத்தியர்கள் திகைத்து, வீடுகளை விசாரித்தனர். இந்நோய் உள்ள நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அவ்வீடுகளில் வேலைக்கு அமர்ந்திருந்தனர். அவ்வாறு வேலை செய்தவர்களுள் ஒருவரிடம் நாடாப்புழு இருப்பது தெரிந்தது. 1992-ஆம் வருஷம் இது வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அவ்வேலையாளைக் குற்றம் சொல்வதற்கில்லை. தம் வயிற்றிற் புழு இருப்பதை அவரே அறியார். பன்றியையே காணாத வீட்டுக்குள்ளும் பன்றி நாடாப்புழுவின் தீங்கு நுழையும் என்பதே இதிற் கொள்ளவேண்டிய பாடம்.

நம் நாட்டிலும் இந்நோய் கண்டவருள் சைவ உணவினர் பலர். அதைக் கண்டே, முட்டைக்கோசிலுள்ள புழு மூளைக்கு ஏறிவிடும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. கோசிலைத் தின்னும் பச்சைப் புழு வேறு. அது மனிதனை ஒன்றும் செய்யாது. கோசோ, கீரையோ, முள்ளங்கியோ எதுவாயினும், மனித மலம் பட்ட மண்ணிலும் நீரிலும் விளைந்து, கழுவாமற் பச்சையாக உண்ணப்பட்டால், அதில் ஒட்டிய முட்டை அபாயத்தைத் தரும். காய்கறியை விலக்குவதால் ஒரு பயனுமில்லை. அதைக் கழுவி வேகவைத்து உண்பதால் பயனுண்டு.

மலைநாடொன்றில் நேர்ந்த துயரம்

ஒரு கிராமத்தில் இந்நோய் புகுந்தால் எவ்வாறு பரவும் என்பதற்கு, முன்னர் இதை அறியாதிருந்த ஒரு தேசத்தின் அநுபவத்தைக் காட்டலாம். நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில், விஸ்ஸல் ஏரிகளைச் சூழ்ந்த உயர்ந்த மலைநாட்டில், ஏகாரி என்னும் ஜனங்கள் வாழ்கிறார்கள். பன்றி அவர்களுக்குச் செல்வம். விருந்தும் சீரும் பன்றியின்றி நடவா. 1970-களின் தொடக்கத்தில் பாலித் தீவிலிருந்து பன்றிகள் நன்கொடையாக அந்நாட்டுக்கு வந்தன. அவற்றோடு நாடாப்புழுவும் வந்தது.

சில வருஷங்களில் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தீப்புண்ணோடு வருவோர் தொகை திடீரெனப் பெருகிற்று. குளிர் மிகுந்த அந்நாட்டில் குடிசையின் நடுவில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிப் படுத்துறங்குவது வழக்கம். உறக்கத்தில் வலிப்புக் கண்டவர்கள் உணர்விழந்து நெருப்பிற் சரிந்து, உணர்வின்மையால் விலகவும் இயலாது, கையும் காலும் வெந்து கிடந்தனர். தீப்புண்ணுக்குக் காரணம் வலிப்பு, வலிப்புக்குக் காரணம் மூளைக்குமிழ், குமிழுக்குக் காரணம் பன்றியோடு வந்த புழு என்று வைத்தியர்கள் சங்கிலியாகத் தொடர்ந்து கண்டு, 1978-இல் வெளியிட்டனர். இப்பன்றிகளை ஆசையோடு வரவேற்ற அம்மக்கள் தீங்கு நினைத்தாரில்லை. கொடுத்தவரும் இதை நினைத்திரார். கேட்டறியவேண்டியதை எவரும் கேளாமலும், பார்க்கவேண்டியதை எவரும் பாராமலும் விட்டதே தீங்காய் முடிந்தது. வெளியூர்ச் சந்தையிற் பன்றி வாங்கும் நமக்கும் இது எச்சரிக்கையாகும்.

கூட்டுப் பொறுப்பு என்னும் கொள்கை

இனி, என் இலாகாவுக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நம் மாகாணத்திற் செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் அவ்வருஷமே ஐக்கிய நாணய சங்கம் தோன்றிற்று. அக்காலக் கிராமச் சங்கங்கள் அளவற்ற பொறுப்பு என்னும் கொள்கையின்மேல் நின்றன. ஓர் அங்கத்தினர் கடனைக் கட்டாது விட்டால், அது மற்ற எல்லா அங்கத்தினர் தலையிலும் வந்து விழும். ஆதலின் ஒவ்வொருவரும் அடுத்தவருடைய நாணயத்தைக் கவனித்துவந்தனர். பின்னர்ச் சட்டம் பலவாறு மாறி, பொறுப்பும் வரையறைக்கு உட்பட்டுவிட்டது. ஆயின் சுகாதாரத்தில் அப்பழைய சட்டமே இன்றும் நடக்கிறது என்று சொல்வேன். ஒரு வீட்டார் கக்கூஸ் இன்றி வெளிக்குப் போனால், அதன் வட்டியைக் கட்டுவது நான்காவது வீட்டுக் குழந்தையின் மூளை. இதற்கு வரையறையும் இல்லை, ஜாமீனும் இல்லை.

தனி ஒருவன் எத்துணை சுத்தமாயிருப்பினும், ஊர் அசுத்தமாயிருந்தால் அவன் தப்பிவிட முடியாது. தேரை ஊர் கூடி இழுப்பதுபோல் இதையும் கூடியே செய்யவேண்டும். இதற்குக் கூட்டுறவில் முன்மாதிரியும் உண்டு. வங்காளத்தில் டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜி என்பார், 1910-களின் பிற்பகுதி தொடங்கி, கிராமந்தோறும் மலேரியா ஒழிப்புக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தினார். அங்கத்தினர் தாமே சந்தா கொடுத்து, தாமே சாக்கடை வெட்டி, குட்டைகளைச் சீர்செய்து கொசுவை எதிர்த்தனர். கடன் கொடுக்க மட்டுமே சங்கம் என்பதில்லை என்று அவர்கள் காட்டினர்.

வீடுதோறும் செய்யவேண்டுவன

முதலாவது, வெளிக்குப் போய்வந்த பின்னும், சமையலுக்கு முன்னும், உண்பதற்கு முன்னும், குழந்தைக்குக் கால்கழுவிவிட்ட பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல். நகத்தை ஒட்டக் கத்தரித்தல். சுத்தம் சோறு போடும் என்பது பழமொழி. இங்கே அது உயிரையும் காக்கும்.

இரண்டாவது, பச்சையாக உண்ணும் காய், கனி, கீரைகளை ஓடும் நீரிற் பலமுறை தேய்த்துக் கழுவுதல். தோல் சீவக்கூடியதைச் சீவி உண்ணல். குடிநீரைக் கொதிக்கவைத்தல். தண்ணீருக்கு வழக்கமாக இடும் குளோரின் மருந்தினால் இம்முட்டைகள் சாவதில்லை; கொதியினாற் சாகும்.

மூன்றாவது, பன்றியிறைச்சி உண்போர் அதைச் சிறு துண்டுகளாக அரிந்து, உள்ளே செந்நிறம் சற்றும் இல்லாதபடி வேகவைத்தல். பெருந்துண்டாக நெருப்பில் வாட்டினால் மேற்புறம் கருகியிருக்க உட்புறம் பச்சையாயிருக்கும். உப்பிட்டு உலர்த்தியதையும் புகையிட்டதையும் நம்பிவிடலாகாது. அரிசிமணி போன்ற வெண்குமிழ்கள் தென்படும் இறைச்சியை வாங்கவே கூடாது.

நான்காவது, மலத்தில் வெண்மையான தட்டைத் துண்டுகள் காணப்பட்டால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் சொல்லுதல். நிக்லோசமைடு, பிரசிகுவான்டெல் என்னும் மருந்துகளுள் ஒன்றை ஒரே வேளை கொடுத்துப் புழுவை நீக்குகிறார்கள். ஆயினும் கடையில் தாமே வாங்கி விழுங்கலாகாது. பிரசிகுவான்டெல் போன்ற மருந்து இரத்தத்திற் கலந்து மூளையை எட்டுவது. அங்கே ஒளிந்திருக்கும் குமிழைக் கிளறி வலிப்பை உண்டாக்கக்கூடும். ஆதலின் முன்பு வலிப்போ கடுந்தலைவலியோ கண்டவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லவேண்டும்.

சங்கம் செய்யவேண்டுவன

சங்கத்தின் முதல் வேலை கக்கூஸ். 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தினால் வீடுகளிற் கக்கூஸ்கள் பெருகியுள்ளன. கட்டியவை எல்லாம் உபயோகத்திலுள்ளனவா என்பதே இப்போது கேட்கவேண்டிய கேள்வி. விறகும் சாணிக்கூடையும் அடுக்கிவைத்த கக்கூஸ் கணக்கிற் சேருமேயன்றிச் சுகாதாரத்திற் சேராது. குழி நிறைந்துவிடும் என்ற அச்சத்தாற் பலர் உபயோகிப்பதில்லை. இரட்டைக் குழி முறையில், ஒன்று நிறைந்ததும் அதை மூடி மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு வருஷம் ஆறவிட்டால் உள்ளிருப்பது மக்கிய எருவாகிவிடும். இதை அறிந்தவர் ஒருவரைச் சங்கம் தேர்ந்து வீடுவீடாகச் சொல்லச் செய்யலாம். பழுதுபார்க்கச் சிறுகடன் கேட்போர் மனுவைத் தாமதியாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை பன்றிப்பட்டி. இங்கே ஒன்று வற்புறுத்திச் சொல்லவேண்டும். பன்றி தானாக இந்நோயை உண்டாக்குவதில்லை. மனித மலத்தைத் தின்றே அதைப் பெறுகிறது. பன்றிக்கு நோய் கொடுத்தவர்கள் மனிதராகிய நாமே. பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். பல சங்கங்களில் அவர்கள் அங்கத்தினராகவும் இல்லை. அவர்களை இகழ்ந்து ஒதுக்கிவிட்டு, அவர்கள் பன்றிகளை மட்டும் அடித்து விரட்டினால், பன்றி அடுத்த தெருவுக்குப் போகும், நோய் போகாது. முதலில் அவர்களைச் சங்கத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டி அமைக்கவும், தீவனம் வாங்கவும் கடன் கொடுங்கள். அடைத்து வளர்த்து நல்ல தீவனம் இட்ட பன்றி விரைவிற் பருத்து நல்ல விலைக்கு விற்கும். கடனும் தவணையில் திரும்பும்.

பன்றிக்குத் தடுப்பூசியும் இப்போது உண்டு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்ட அவ்வூசி மருந்து நம் நாட்டில் ஐதராபாத்தில் தயாராகிறது, இருமுறை போடப்படுவது. அதனுடன் ஆக்ஸ்பெண்டசோல் என்னும் மருந்தையும் கொடுத்தால், உடலில் முன்பே உள்ள குமிழ்களும் சாகின்றன. மருந்து கொடுத்த பன்றியைக் கால்நடை வைத்தியர் குறிக்கும் நாள் கழியும்வரை அறுக்கலாகாது. தனித்தனியே கேட்பதைவிடச் சங்கம் எல்லாப் பன்றிகளையும் ஒரே நாளில் ஓரிடத்திற் கூட்டிக் கால்நடை வைத்தியரை அழைத்தால் செலவும் சிரமமும் குறையும்.

மூன்றாவது வேலை எல்லாவற்றினும் முக்கியமானது என்று கருதுகிறேன். பன்றியின் நாக்கைப் புரட்டி அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால், நோய் மிகுந்த பன்றியிற் குமிழ்கள் கைக்குத் தட்டுப்படும். பழைய காலத்துக் கிரேக்கரும் இப்பரிசோதனையை அறிந்திருந்தனர். சிறிதளவே நோயுள்ள பன்றி இதில் அகப்படாது. ஆயினும் இது செலவில்லாத சோதனை. இப்போது யோசியுங்கள். தன் பன்றியின் நாக்கிற் குமிழைக் கண்ட ஏழை என்ன செய்வான்? வெளியிற் சொன்னால் பன்றி பறிபோகும். ஒரு வருஷத்து உழைப்பு மண்ணாகும். ஆதலின் இரவோடிரவாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். அது எங்கோ ஒரு வீட்டு அடுப்புக்குப் போகிறது. அவனைத் தண்டிப்பதால் அடுத்தவன் இன்னும் கவனமாக மறைப்பான். நஷ்டம் ஒருவன் தலையில் மட்டும் விழும் வரையில் உண்மை வெளிவராது.

இதற்குக் கூட்டுறவு முறையே மருந்து. பன்றி வளர்க்கும் அங்கத்தினர், விற்கும் ஒவ்வொரு பன்றியின் விலையிலும் நூற்றுக்கு 2 வீதம் ஒரு நிதிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரே விலையுள்ள 50 பன்றிகள் விற்றால் ஒரு பன்றியின் முழு விலை சேர்ந்துவிடும். பாதி விலை ஈடு கொடுப்பதாயின் இரண்டு பன்றிக்குப் போதும். துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவிற் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்தும் சிறிது உதவலாம். ஈடு பெறுபவர், பன்றியைப் பட்டியில் அடைத்து ஊசி போட்டவராயிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், அசட்டைக்கு இந்நிதி கூலி கொடுத்ததாகாது. சிறு தொகைதான், ஆயினும் மறைக்கப்பட்ட ஒரு பன்றியை வெளிக்கொணர்ந்தால், அது காப்பாற்றும் வீடுகள் எத்தனை!

நோய் தலைகாட்டினால்

ஒரு தெருவில் குறுகிய காலத்தில் இரண்டு மூன்று பேருக்குப் புதிதாக வலிப்புக் காணுதல், தோலின் அடியில் நோவில்லாத சிறு கட்டிகள் தோன்றுதல், அறுத்த பன்றியில் வெண்குமிழ் தென்படுதல், மலத்தில் நாடாத்துண்டு காணுதல் ஆகிய இவற்றுள் எதைக் கண்டாலும் காரியதரிசி அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். குமிழ் மிகுந்த இறைச்சியைக் கால்நடை வைத்தியர் சொற்படி எரித்தோ ஆழப் புதைத்தோ ஒழிக்கவேண்டும். நாய்க்கும் பிற பன்றிக்கும் எட்டவிடலாகாது.

பன்றிக்கு நோய் இருந்தால் அதன் அண்மையில் வயிற்றிற் புழுவுள்ள மனிதர் எவரேனும் இருத்தல் கூடும். பெரு தேசத்தின் வடபாகத்திலுள்ள தும்பேஸ் பிரதேசத்தில், நோய் மிகுந்த பன்றி கண்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் வசிப்போரைப் பரிசோதித்துப் புழு நீக்கும் முறையைக் கையாண்டு பார்த்தனர். அவரவர் வீட்டுக்கு வைத்தியர் வரும்போது, "எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை" என்று கதவடைக்காமல் மல மாதிரி கொடுத்து உதவுவது அங்கத்தினர் கடமை.

இதனால் நோய் ஒழியுமா என்று கேட்பீர்கள். அதே தும்பேஸ் பிரதேசத்தில் 107 கிராமங்களில், 81,170 ஜனங்களையும் 55,638 பன்றிகளையும் சேர்த்து, மனிதருக்கும் பன்றிக்கும் மருந்தும், பன்றிக்கு ஊசியும் கொடுத்தனர். 105 கிராமங்களிற் பரவல் நின்றது என்று 2016-இல் அறிக்கை வெளியாயிற்று. ஒழிக்கத்தக்க நோய்களுள் இதுவும் ஒன்று என்று சர்வதேச நிபுணர் குழு 1993-லேயே கூறியிருந்தது. பெரு தேசத்துக் கிராமத்தார் அதைச் செய்தே காட்டினர். மனிதர், பன்றி ஆகிய இரு பக்கமும் ஒருங்கே முயன்றதால் இது கைகூடிற்று.

வலிப்புக் கண்டவரிடம் நடந்துகொள்ளும் முறை

வலிப்பு வந்தவரைக் கண்டால், அருகிலுள்ள நெருப்பு, கல், அரிவாள் முதலியவற்றை அகற்றி, தலைக்கு மெத்தென்று துணி வைத்து, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானே நிற்கும் வேளையிற் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. வாயில் துணியோ கரண்டியோ வைக்கவும், தண்ணீர் ஊற்றவும் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். வைத்தியர் கொடுத்த மாத்திரையை, இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்று தாமே நிறுத்தலாகாது.

இக்குமிழால் வந்த வலிப்பு சிகிச்சையால் பெரும்பாலும் அடங்குவது. வலிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே நோய் கண்டவரைத் தள்ளிவைக்கவோ, அவருக்குக் கடன் மறுக்கவோ நியாயமில்லை. கிணறும் மரமும் நெருப்பும் இல்லாத வேலையை அவருக்குக் கொடுங்கள். சிகிச்சைக் காலத்தில் தவணைக்கு அவகாசம் கேட்டால், விதிகளுக்கு உட்பட்டுப் பரிவோடு ஆலோசியுங்கள். வீட்டார் நோயை மறைக்கவேண்டிய அவசியம் ஊரில் இல்லாமற் போகும் நாளிலேதான் நோயாளிகளின் சரியான தொகை நமக்குத் தெரியவரும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தின் அஜெண்டாவில் இரண்டு தீர்மானங்களைச் சேர்க்கும்படி பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஊரில் உள்ள கக்கூஸ்களுள் உபயோகத்தில் இருப்பவை எத்தனை என்று கணக்கெடுக்க மூவர் கொண்ட கமிட்டி நியமித்தல்; அம்மூவரில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் பன்றி வளர்ப்பவராகவும் இருப்பது நலம். மற்றது, பன்றி நஷ்ட நிதி ஒன்றைத் தொடங்குவது பற்றி ஆலோசித்தல். நாணயத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நீங்கள், ஆரோக்கியத்திலும் அவ்வாறே நிற்பீர்களென நம்புகிறேன்.